எந்தக் கோட்டில்

ஆமர் வீதி மரக்காலையின் மாடியில்,
கீழே வாள் ஓடும்போதெல்லாம்
எழுத்து நடுங்கும் கணினித் திரையில்,
பதினைந்து வருட வன்மர இறக்குமதியை
இரண்டு கோடுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
சிவப்பு, இலங்கை.
நீலம், மாலைதீவு.
வெள்ளிக்கிழமைக்குள் வங்கிக்கு வேண்டும்.

“கோடு பேசோணும் புள்ள” என்கிறார்
அமீர் ஹாஜியார்.
பேசும்.
எந்தக் காசில் கேட்கிறோம் என்பதுதான்.
ரூபாயில் கேட்டால்
பெற்றோல் வரிசை வருடத்திலும் சிவப்பு
லேசாகக் கால் இடறி நடந்துபோகிறது.
டொலரில் கேட்டால்
கிணற்றில் போட்ட கல்.

கல் விழுந்த இடம் எனக்குத் தெரியும்.
ஓடாத வாளின் அடியில்
மரத்தூள் மெத்தையில்
பூனை நான்கு குட்டி போட்டது.
அடுக்குகள் குறையக் குறைய
பின்சுவருக்கு வெயில் வந்தது.
அங்கே கரியால் எழுதிய ஒரு தொலைபேசி எண்,
ஆறே இலக்கம்.
எத்தனை வருடம் கெம்பஸ் பலகைக்குப் பின்னால்
அழைப்புக்குக் காத்திருந்ததோ.

நீலக் கோட்டுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை.
பலகைக்கு ஆகும் மரம் முளைக்காத மணல்,
அதனால் எல்லாம் வந்திறங்க வேண்டும்:
கடலுக்கு மேலே நடைபாதை,
கடலுக்கு மேலே படுக்கையறை,
வெறுங்காலோடு வருகிறவருக்கு
சிலாம்பு குத்தாத தரை.
எங்களுடையது காடுள்ள தீவு.
காட்டை வெட்டாதே என்று சட்டம்,
வெளியில் வாங்கு என்றால் டொலர் இல்லை.
இதை விளக்கக் குறிப்பில் போடலாமா என்று கேட்டேன்.
“பேங்க்குக்குக் கத வேணாம்.”

போன மாதம் ஆவணம் கொடுக்கத்
துறைமுகத்துக்குள் போயிருந்தேன்.
காலையிலிருந்து விடாத மழை.
மாலே போகவேண்டிய கொள்கலன் ஒன்று
கப்பல் மாறக் காத்துக்கிடந்தது.
கதவு ரப்பர் கிழிந்து உள்ளே தண்ணீர்;
மெர்பாவ் மரமாக இருக்க வேண்டும்,
சாயம் விட்டு
அடியிடுக்கால் ஒழுகிக்கொண்டிருந்தது.
நீலக் கோட்டின் மரம்
எங்கள் சிமெந்தில் சிவப்பாக.
பக்கத்தில் நின்ற அலுவலரிடம்
இது எந்தக் கணக்கு என்றேன்.
“இறங்கி ஏறுது மிஸ், அவ்வளவுதான்.
எங்கட இல்ல.”
செருப்பைக் கழுவிப் பார்த்தேன்.
வலது வாரில் இன்னும் இருக்கிறது.

இரண்டு கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன.
சுட்டியை அங்கே கொண்டுபோனால்
சின்ன மஞ்சள் பெட்டி திறந்து
வருடத்தையும் பெறுமதியையும்
இரண்டு தசமத்துக்குச் சொல்கிறது.
டெனிஸ்டன் போனதும் அந்த வருடம்தான்.
வாள் பிடித்தவன்,
இடக்கையில் மூன்றரை விரல்.
மீதியை இந்த மரக்காலையில் கொடுத்துவிட்டுப் போனான்.
இப்போது ஏதோ ஒரு தீவில்
தண்ணீருக்கு மேல் ஆணி அடிக்கிறான்.
நேற்றிரவு குரல் அனுப்பியிருந்தான்:
“அக்கா, கொழும்பில மழையா?
ரெண்டு கிழமையா பலகை வரல்ல,
சும்மா இருக்கிறம்.
சும்மா இருந்தா சம்பளம் இல்ல.”

அவனுக்கு எந்தக் கட்டம்?
மரத்துக்குக் குறியீட்டு எண் இருக்கிறது:
அறுத்தது, இழைத்தது, உலர்த்தியது,
ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடித்தது.
அறுத்தவனுக்குத் தேடினேன்,
அட்டவணை முடிந்துவிட்டது.

நாலு மணி. கீழே வாள் நிற்கிறது.
திரை நடுங்காமல் இருக்க
கோடுகள் இன்னும் கூர்மையாகத் தெரிகின்றன,
சிவப்பு கீழே,
நீலம் போய்க்கொண்டே.
ஹாஜியார் பிளேன்டீயோடு வந்து
தோளுக்கு மேலால் பார்க்கிறார்.
கடன் கிடைத்தால் மாலேயில் ஒரு கிளை,
கணக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும்.
“பாஸ்போட் ஈக்கா புள்ள?”

ஈக்கு.
மார்ச்சில் முடிகிறது.
அதைச் சொல்லாமல்
நீலத்தின் தடிப்பை
ஒரு புள்ளி குறைக்கிறேன்.